கணக்கு 4.21 என்றது

பழைய டயர் 31 அங்குலம், புதியது 35, ஆக்ஸிலில் கம்பெனி கொடுத்த கியர் 3.73, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றும்; இந்த எண் கூடினால் இழுவை கூடும், எஞ்சின் சுற்றும் கூடும். இந்த மூன்று எண்களும் தெரிந்தால் விடை உடனே வந்துவிடும். 3.73-ஐ 35-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் 4.21. அந்த ரேஷியோ போட்டால் வண்டி பழைய டயரில் ஓடியது போலவே ஓடும். ஆனால் அந்த ஆக்ஸிலுக்கு 4.21 என்று ஒரு கிரவுன் பினியன் செட், அதாவது உள்ளே இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி, கிடையாது. கிடைப்பது 4.10, அதை விட்டால் 4.56. எந்தப் பக்கம் சாய்வது என்பதுதான் எப்போதும் கேள்வி, அன்றைக்கும் அதேதான்.

பெரிய டயரோடு வந்த வண்டிக்காரர் மெக்கானிக்கான என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்க வண்டியா இருந்தா எது போடுவீங்க?"

நான் திருப்பிக் கேட்டேன். டிரெய்லர் இழுப்பீங்களா, மேடு ஏறுவீங்களா, பெரும்பாலும் என்ன வேகத்துல போவீங்க. டிரெய்லர் அடிக்கடி இழுப்பேன், மேட்டுல வண்டி திணறுது, கியர் நாலுக்கும் மூணுக்கும் மாறி மாறித் தாவிக்கிட்டே இருக்கு என்றார். அப்படின்னா 4.56 சார் என்றேன். சரி என்றார். இவ்வளவுதான் பேச்சு. இதைத்தான் இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. 35 டயரில் 4.10 போட்டால், பழைய டயர் கணக்கில் அது 3.63 மாதிரிதான். அதாவது கம்பெனி கொடுத்ததைவிடக் கொஞ்சம் இழுவை குறைவு. பெரிய டயர் எடையும் கூட, அந்த எடை நடுவிலிருந்து தள்ளிச் சுற்றுவதால் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் எஞ்சினுக்குச் சுமை. வண்டியை உயர்த்தியிருப்பதால் காற்றும் அதிகம் தடுக்கும். இதற்கு மேல் டிரெய்லர். 4.56 போட்டால் பழைய கணக்கில் 4.04, அந்தச் சுமையை ஈடுகட்ட அது போதும். அதோடு கியர்பாக்ஸ் எண்ணெயின் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், எண்ணெய் கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தது. கியர் தாவித் தாவி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கிச் சூடாகிற வண்டியில்தான் அப்படி இருக்கும். அவர் சொன்னதும் எண்ணெய் சொன்னதும் ஒத்துப்போயின.

ஒத்துப்போகாதது ஒன்று இருந்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பின் ஆக்ஸிலின் மூடியைக் கழற்றும்போது தலைக்கு நேரே ஹிட்ச், டிரெய்லரை மாட்டும் இடம். அதில் ஒரு கீறல் இல்லை. டிரெய்லர் கொக்கி உட்காரும் குண்டில் பெயின்ட் தேயவில்லை. விளக்கு ஒயரைச் செருகும் சாக்கெட்டுக்குள் பின்கள் புத்தம் புதிதாக மின்னின. அடிக்கடி டிரெய்லர் மாட்டுகிற வண்டியில் இப்படி இருக்காது. அதற்குள் முன்னுக்கும் பின்னுக்கும் கியர் செட் இரண்டும் வந்து பெஞ்சில் இருந்தன. நான்கு சக்கர டிரைவ் வண்டியில் இரண்டு ஆக்ஸிலும் ஒரே ரேஷியோவில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டியான ரோட்டில், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒன்றை மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஒரு நிமிடம் யோசித்தேன். போன் போட்டு, சார், உண்மையிலேயே டிரெய்லர் இழுக்கிறீங்களா என்று கேட்பதா? வண்டிக்காரர் தன் வண்டியைப் பற்றிச் சொன்னதைப் பொய் என்று சொல்கிற மாதிரி இருக்கும். ஹிட்ச் புதிதாக மாட்டியிருக்கலாம். வேறு வண்டியில் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு இனி இதில் இழுக்கப் போகலாம். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அது நியாயமான காரணமா, வசதியான காரணமா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வேலையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. கிரவுனில் 41 பல், பினியனில் 9. 4.10 என்றால் பினியனில் 10 பல் இருந்திருக்கும். ரேஷியோ எண் கூடக் கூடப் பினியன் தலை சிறுத்துக்கொண்டே போகும், ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து ஆழம் பிடிப்பதில் கவனம் தப்பக் கூடாது. இரண்டு பல்லுக்கும் நடுவிலான இடைவெளியை, அதாவது பேக்லாஷை, டயல் கேஜில் பார்த்து 0.008 அங்குலத்தில் நிறுத்தினேன். மஞ்சள் பெயின்ட் தடவிச் சுற்றிப் பார்த்ததில் பல்லின் நடுவில் தடம் விழுந்தது, முன்னோட்டப் பக்கமும் பின்னோட்டப் பக்கமும் சரியாகவே இருந்தன. புது டயர் அளவைக் கொடுத்து மீட்டரையும் திருத்தினேன். முதலில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி நன்றாக ஆறவிடுங்கள், முதல் 800 கிலோமீட்டருக்கு எதையும் இழுக்காதீர்கள், அதற்கப்புறம் கியர் எண்ணெயை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எண்ணெய் மாற்ற வந்தபோது முகம் சரியில்லை.

"அதே 100லதான் போறேன். வண்டி மெதுவா போற மாதிரி இருக்கு, சத்தம் மட்டும் ஜாஸ்தி."

கியர் ஊளையிடுகிறதோ என்று முதலில் பயந்தேன். ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸில் சத்தமாக இருந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலுமாக மாறும். இது அப்படி மாறவில்லை. எஞ்சின் சத்தம்தான். அவர் உணர்ந்ததில் பிழையே இல்லை, அதுதான் சங்கடம். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போவதால், மீட்டரைத் திருத்துவதற்கு முன்பு அது 100 காட்டியபோது வண்டி உண்மையில் 113-ல் போய்க்கொண்டிருந்தது, எஞ்சின் நிமிடத்துக்கு 1,760 சுற்றில் இருந்தது. இப்போது மீட்டர் 100 காட்டினால் வண்டி 100-ல்தான் போகிறது, எஞ்சின் 1,900 சுற்றில். பழைய பழக்கத்தில் அதே 113-ஐப் பிடித்தால் 2,150. அவர் கண்ணுக்கும் காதுக்கும் வண்டி இரண்டு வகையில் மோசமாகியிருந்தது, மெக்கானிக் கணக்கில் இரண்டும் சரியாகியிருந்தன.

இதையெல்லாம் எண்ணோடு விளக்கினேன். காசு கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் அது சமாளிப்பாகத்தான் கேட்டிருக்கும்.

"நீங்க சொன்னதாலதான் 4.56 போட்டேன்."

"நீங்க டிரெய்லர் இழுப்பேன்னு சொன்னதாலதான் சார் நானும் சொன்னேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இழுக்கணும்னுதான் இருக்கேன்" என்றார்.

இந்த மூன்று வாக்கியங்களும்தான் என்னை விடுவதில்லை. நான் சொன்னது உண்மை. அவரும் பொய் சொல்லவில்லை, அவர் சொன்னது அவர் வாங்க ஆசைப்படும் டிரெய்லரைப் பற்றி. பெரிய டயர் போடுபவர்கள் பலரும் இப்போது ஓட்டுகிற ஓட்டத்துக்காக மட்டும் போடுவதில்லை, இனி ஓட்டப்போகிற ஓட்டத்துக்காகவும் போடுகிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, ஆனால் கியர் எண்ணைத் தேர்ந்தெடுக்க எந்த ஓட்டத்தை எடுத்துக்கொள்வது? டிரெய்லர் இல்லாமல் சமவெளி ஹைவேயில் மட்டும் ஓட்டுபவருக்கு 4.10 நன்றாகவே இருந்திருக்கும், 100-ல் 1,710 சுற்று, கம்பெனி வண்டியைவிடக் கொஞ்சம் கீழே. நாளைக்கே அவர் டிரெய்லர் வாங்கினால் அதே 4.10-ஐ அவர் திட்டுவார். அப்படி 4.10 போட்டுவிட்டு, டயரும் சுமையும் கூடியதும் மறுபடி இரண்டு ஆக்ஸிலையும் பிரித்து 4.56-க்குப் போனவர்களின் வண்டியில் நானே வேலை செய்திருக்கிறேன். கூலி இரண்டு மடங்கு. அதைப் பார்த்த பிறகு இடைப்பட்ட எண்ணில் மேல்பக்கம் சாய்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பழக்கம்தான் அன்று பேசியதா என்றும் சில சமயம் தோன்றுகிறது. இல்லை, கறுத்த எண்ணெய் கண்ணெதிரே இருந்ததே என்று உடனே பதிலும் வருகிறது.

அந்த எண்ணெய்க்குக்கூட இன்னொரு காரணம் இருக்க முடியும். டயர் அளவைத் திருத்தாத வண்டியில் கியர்பாக்ஸுக்கும் தப்பான வேகம்தான் போகும், கியர் மாற்ற வேண்டிய நேரத்தைத் தப்பாகப் பிடிக்கும். தாவலில் எவ்வளவு ரேஷியோவால், எவ்வளவு இதனால் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை, மீட்டர் திருத்துவது எப்போதும் கடைசி வேலை.

அதற்கப்புறம் வந்த ஒருவரிடம் ஹிட்சைக் காட்டி, சார் இதுல டிரெய்லர் மாட்டின அடையாளமே இல்லையே என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. துருப்பிடித்த பழைய ஹிட்சை மாற்றிப் புதிது போட்டிருந்தாராம், போனில் படம் எடுத்துக் காட்டினார், முழுச் சுமையோடு டிரெய்லர். ஆகவே ஹிட்சைப் பார்த்து ஆளை எடைபோடுவதும் நம்பத்தக்கதல்ல. ஆனாலும் பார்ப்பதை விட முடியவில்லை.

இப்போது வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மீட்டரைத் திருத்த முடிகிற வண்டியென்றால் முதலில் அதைத் திருத்திக் கொடுத்து, பழைய கியரிலேயே சில நாள் ஓட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். 100-லும் 113-லும் எந்த ரேஷியோவுக்கு எத்தனை சுற்று என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். சிலர் திரும்பி வந்து 4.10 போதும் என்கிறார்கள். சிலர், தாவல் குறைந்துவிட்டது, கியரே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள், அதற்கு முதலாளியிடம் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "உங்க வண்டியா இருந்தா எது போடுவீங்க?" என்று கேட்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். 31-லிருந்து 35, கம்பெனி 3.73, டிரெய்லர் உண்டு என்றால், 4.56 என்றுதான் இன்னும் சொல்கிறேன்.