மெக்டொனால்ட் என்ற பெயரில் நான்கு படங்கள்

மெக்டொனால்ட் என்னும் ஸ்காட்டிஷ் குடும்பப் பெயரைத் தாங்கியவர்களின் பழைய படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, உறவுமுறையைவிட உடையின் வரலாறே எனக்குத் துலக்கமாகத் தெரிகிறது. பெயர் ஒன்று என்பதால் எல்லோரும் ஒரே வம்சத்தவர் என்று கொள்ள இயலாது. ஹைலாண்டு மலைப்பகுதியில் குலத்தலைவரின் நிலத்தில் வாழ்ந்த குடியானவர்கள் பலரும் அவருடைய பெயரையே தமதாக்கிக் கொண்டார்கள்.

முதலில் ஃப்ளோரா மெக்டொனால்ட். பிரிட்டிஷ் அரியணையை ஸ்டூவர்ட் வம்சத்துக்கு மீட்கப் போரிட்டு, 1746 ஏப்ரலில் கலோடன் போரில் தோற்றுத் தப்பியோடிய இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டுக்கு அயர்லாந்துப் பணிப்பெண் வேடமிட்டு, படகேற்றி ஸ்கை தீவில் சேர்த்தவர் அவர். பிடிபட்டு லண்டனில் காவலில் இருந்து, 1747இல் விடுதலையானார். ஆலன் ராம்சே 1749இல் வரைந்த அவரது ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டம் போட்ட டார்ட்டன் துணியைப் போர்த்தியிருக்கிறார். கூந்தலில் வெள்ளை ரோஜா. அந்த மலர் ஸ்டூவர்ட் அரச வம்சத்தை ஆதரித்தோரின் அடையாளம் என்பது அக்காலத்தில் எல்லோரும் அறிந்ததே.

கலோடனுக்குப் பின் இயற்றப்பட்ட சட்டம், 1747 ஆகஸ்டு முதல் ஹைலாண்டு ஆண்களும் சிறுவர்களும் மரபுடை அணிவதைத் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை என்றால் ஏழு ஆண்டு நாடுகடத்தல். பெண்கள் தடைக்குள் வரவில்லை. படைவீரர்களுக்கு விலக்கு இருந்தது.

அந்தத் தடை நடப்பில் இருந்த 1749 வாக்கில் வரையப்பட்ட ஓர் ஓவியமே இவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது. எடின்பரோவில் உள்ள அதை வில்லியம் மோஸ்மன் வரைந்ததாகக் கருதுகிறார்கள். ஸ்கை தீவின் ஸ்லீட் பகுதி மெக்டொனால்ட் குடும்பத்தின் இரு சிறுவர்கள், ஜேம்ஸும் அலெக்சாண்டரும், உடலெங்கும் டார்ட்டன் அணிந்து நிற்கிறார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி, மற்றவன் கையில் கோல்ஃப் மட்டை. உடைகளின் கட்டங்கள் ஒன்றுபோல் இல்லை. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற வழக்கம் பிற்காலத்தில்தான் உறுதிப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இவர்களின் தந்தை அரசின் பக்கம் நின்றவர். ஆனால் ஃப்ளோரா இளவரசரோடு ஸ்கையில் கரையேறியதும் உதவி நாடிச் சென்றது இச்சிறுவர்களின் தாய் லேடி மார்கரெட்டிடம்தான். ஜேம்ஸ் 1766இல், இருபதுகளின் நடுவிலேயே, ரோமில் இறந்தான் என்பதை அறிந்தபின் அந்த முகத்தை முன்போலப் பார்க்க முடிவதில்லை.

தடை 1782இல் நீங்கியது. ஹென்றி ரேபர்ன் 1812 வாக்கில் வரைந்த கிளென்காரி கிளையின் தலைவர், பெயரை மெக்டொனெல் என்று எழுதினாலும், இதே குலமரபில் வந்தவர். சுவரில் கேடயம், கையில் துப்பாக்கி, முழு ஹைலாண்டு கோலம். ஓவியமாக அது மிகச் சிறந்தது. ஆனால் மரபைக் காக்கச் சங்கம் அமைத்த அவரே தம் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றினார் என்பதை மறந்துவிட்டு என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

கடைசியாக, ஒளிப்படங்களின் காலத்தவரான ஹெக்டர் மெக்டொனால்ட். எளிய விவசாயியின் மகனாக 1853இல் பிறந்து, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, மேஜர் ஜெனரலாக உயர்ந்தவர். அடர்ந்த மீசையும் மார்பு நிறையப் பதக்கங்களுமாக நிற்கும் இந்த மெக்டொனால்ட், கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவில் உடுத்தியது மஞ்சள் கோடு ஓடும் கார்டன் டார்ட்டனைத்தான்.