உயர்வு எந்தத் தலைப்பில் ஏறுகிறது? – மணலி, எண்ணூர் நாட்குறிப்பு

மார்ச் 3, 2026, செவ்வாய்

திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை எந்த ஆலையில் செட்டில்மென்ட் (நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஊதிய ஒப்பந்தம்) பேச்சு நடந்தாலும் கேட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "மொத்தம் எவ்வளவு ஏறுது?" அதைவிட முக்கியமானது, ஏறும் தொகை பேசிக்கிலும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.விலும் (அகவிலைப்படி) சேருகிறதா, அலவன்ஸாக நிற்கிறதா என்பது.

வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டியைப் பாருங்கள். கடைசியாக வாங்கிய பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து, அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இன்று பேசிக்கில் 2,600 ரூபாய் ஏறினால் ஓர் ஆண்டுக்கு 1,500 கூடுகிறது. 20 வருட சர்வீஸ் உள்ளவருக்கு 30,000. கடந்து போன வருடங்களுக்கும் சேர்த்தே கூடுகிறது. அதே 2,600 வாஷிங் அலவன்ஸ், கன்வேயன்ஸ் என்று பிரிந்து வந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் நகராது.

பேசிக் ஏறினால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதமும் ஏறும். முழு பேசிக்குக்கும் பிடிக்கும் கம்பெனியில் 2,600க்கு 312 ரூபாய் கையில் குறையும். அதற்கு ஈடாகக் கம்பெனியும் 312 போட வேண்டும். கைக்கு வருவது குறைகிறதே என்று அலவன்ஸ் கேட்பவர்கள் இந்த இரண்டாவது 312ஐ மறந்துவிடுகிறார்கள்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊதியக் கணக்கில் சேராத அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும். பழைய பே ஸ்லிப்பை எடுத்து இன்றே கூட்டிப் பாருங்கள்.

மார்ச் 5, வியாழன்

டி.ஏ. ஷரத்தில் "ஒரு புள்ளிக்கு இத்தனை ரூபாய்" என்று இருந்தால், எந்தத் தொடரின் புள்ளி என்று பார்க்க வேண்டும். டி.ஏ.வுக்கு அடிப்படையான, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்கு 2001ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடர் இருந்தது, இப்போது 2016 தொடர். அகில இந்திய எண்ணுக்கு இரண்டையும் இணைக்கும் காரணி 2.88. 2001 தொடருக்குப் புள்ளிக்கு 3 ரூபாய் என்று ஒப்பந்தம் எழுதியிருந்தால், புதிய தொடரில் ஒரு புள்ளி ஏறும்போது வர வேண்டியது 8 ரூபாய் 64 காசு. காரணியைப் பெருக்காமல் 3 ரூபாயே கொடுத்தால் மாதாமாதம் நஷ்டம், அதுவும் சத்தமில்லாமல். சென்னை மையத்தின் எண்ணைப் பின்பற்றும் ஒப்பந்தங்களில் காரணி வேறு. எந்த எண், எந்த மாதத்துச் சராசரி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தம், மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

தொழிலாளர் கிரேடிலிருந்து ஸ்டாஃப் ஆகும் பிரமோஷன். வாழ்த்துச் சொல்லும் முன் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கைப் போடுங்கள்.

மாதம் 36,400 வாங்குபவருக்கு நாளுக்கு 1,400, மணிக்கு 175. ஓ.டி.க்கு இரட்டிப்பு என்பதால் மணிக்கு 350. மாதம் 16 மணி நேரம் பார்த்தால் 5,600. சூப்பர்வைசர் ஆனதும் பெரும்பாலும் அது நின்றுவிடும். பிரமோஷனில் ஏறுவது 4,000 என்றால் முதல் மாதமே 1,600 குறைவு. ஏறியது பேசிக்கில் என்றால் கிராஜுவிட்டியிலும் பி.எஃப்.பிலும் திரும்பக் கிடைக்கும், ஓ.டி. பணத்தில் அவை இல்லை. ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறும்.

இன்னொன்று உண்டு. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000க்கு மேல் வாங்குபவர் புதிய சட்டத்தில் தொழிலாளர் அல்ல. அடுத்த செட்டில்மென்ட் அவரைத் தொடாது. அதனால் பிரமோஷன் ஆர்டரில் பெயருக்கு எதிரே உள்ள பதவியை மட்டும் படிக்காமல், கிரேடு, பேசிக், புரொபேஷன் (தகுதிகாண்) காலம், அதில் தேறாவிட்டால் பழைய கிரேடுக்குத் திரும்பலாமா என்பதைப் படியுங்கள்.

மார்ச் 12, வியாழன்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) சம்பள வரம்பு மாதம் 21,000. மே மாதம் சம்பளம் 22,000 ஆனால் அன்றே வெளியே தள்ளக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அது முடியும்வரை முழு 22,000க்கும் 0.75 சதவீதம், அதாவது 165 ரூபாய் பிடிப்பார்கள். வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. சேராது. வீட்டில் யாராவது அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொடர் சிகிச்சையில் இருந்தால், கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அவர் பெயர் ஏறிவிட்டதா என்பதை அக்டோபருக்கு முன்பே உறுதி செய்யுங்கள்.

மார்ச் 17, செவ்வாய்

ஸ்டாஃப் பக்கம் ஒப்பந்தம் இல்லை, அப்ரைசல் (வருடாந்தர வேலை மதிப்பீடு). ஏப்ரலில் கடிதம் வந்தபின் மேனேஜரிடம் வாதாடுவது வீண். துறைத் தலைவர்கள் உட்கார்ந்து ரேட்டிங்கைச் சமன்செய்யும் கூட்டத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். துறையின் வருடச் சம்பளம் 2 கோடி, ஒதுக்கீடு 8 சதவீதம் என்றால் பங்குபோட 16 லட்சம்தான் இருக்கிறது. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைத்தே ஆக வேண்டும். ஆகவே செய்த வேலையை எண்களோடு ஒரு பக்கத்தில் எழுதி ஜனவரியிலேயே மேனேஜர் கையில் கொடுக்க வேண்டும், அவர் அந்தக் கூட்டத்தில் வாசிக்க.

ஒரே ரேட்டிங் வாங்கிய இருவருக்கு வெவ்வேறு சதவீதம் வருவது பல இடங்களில் விதிப்படியே நடக்கிறது. கிரேடின் சம்பள வரம்பில் உச்சத்தில் இருப்பவருக்குக் குறைவாகவும், அடியில் இருப்பவருக்கு அதிகமாகவும் தருவார்கள். உச்சத்தில் முட்டி நிற்பவர் ரேட்டிங்குக்காகப் போராடுவதைவிட அடுத்த கிரேடைக் கேட்பதே சரி. அங்கே போன முதல் வருடம் ரேட்டிங் சற்று இறங்கலாம், ஒப்பிடப்படுவது இனி புதிய கிரேடில் உள்ள மூத்தவர்களோடு.

மார்ச் 24, செவ்வாய்

அரியர்ஸ் (பழைய மாதங்களுக்கான நிலுவைச் சம்பளம்) வந்தால் சரிபார்க்க: பேசிக் வித்தியாசம், அதன் டி.ஏ., லீவ் என்கேஷ்மென்ட் (எடுக்காத விடுப்புக்கான பணம்) வித்தியாசம், பி.எஃப். பிடித்தம். ஓ.டி.யும் புதிய விகிதத்தில் திரும்பக் கணக்கிடப்படுமா, நடுவில் ஓய்வுபெற்றவருக்கு உண்டா என்பவை ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தவை. வாசகம் இல்லையென்றால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வரியில், 2025-26க்குப் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லை. அரியர்ஸ் அதைத் தாண்டச் செய்தால், அந்தத் தொகையை உரிய பழைய வருடங்களுக்குப் பிரித்துக் கணக்கிடும் வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவு நிவாரணம் கேட்கலாம். அதற்கு 10இ படிவத்தை இணையத்தில் முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகே ரிட்டர்ன் போட வேண்டும். படிவம் இல்லாமல் நிவாரணத்தை மட்டும் எழுதினால் மறுத்து நோட்டீஸ் வரும். பழைய வருடங்களுக்குப் பிரித்துப் போட்டாலும் சிலருக்கு நிவாரணம் பூஜ்யமாகவே வரும்: 2023-24இல் புதிய முறையின் தள்ளுபடி வரம்பு 7 லட்சம்தான், அதனால் அந்த வருடத்தில் சேர்த்தாலும் வரி வரலாம்.