மல்லோரியின் பொய்

நேற்று ராத்திரி மறுபடியும் 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' (1961) பார்த்தேன். எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில், நவரோன் தீவுக் கோட்டையில் இருக்கும் ஜெர்மானியப் பீரங்கிகளைத் தகர்க்கப் போகும் ஒரு சிறு குழுவின் கதை.

வழியில் காலொடிந்த ஃபிராங்க்ளினிடம் அவன் நண்பன் மல்லோரி (கிரிகரி பெக்) சொல்லும் பொய்தான் எனக்குப் படமே. 'திட்டம் மாறிவிட்டது, கடற்கரையில் படை இறங்கப்போகிறது' என்கிறான். நண்பனைத் தேற்றத்தான் சொல்கிறான் என்று நாமும் நம்பிவிடுகிறோம். உண்மையில் அது ஜெர்மானியர் காதுக்கு. அவர்கள் பிடித்து மருந்து ஏற்றி விசாரித்தால் ஃபிராங்க்ளின் அதைத்தான் உளறுவான், அவர்களும் கோட்டையைக் காலி செய்துவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். கணக்கு கச்சிதம். ஆனால் குழுவின் வெடி நிபுணராக வரும் டேவிட் நிவன், நண்பனையே இப்படிப் பயன்படுத்துவதா என்று கொதிக்கும் இடத்தில், நானும் அவர் பக்கம்தான். கிரிகரி பெக்கின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அது தெரிகிறது.

சரி, இடிக்கிற இடமும் உண்டு. பீரங்கி மேலேயே பளிச்சென்று வைத்த வெடியை எடுத்ததும் வேலை முடிந்தது என்று ஜெர்மானியர்கள் சுட ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்னொரு வெடி ஒளிந்திருக்கும், குண்டு ஏற்றும் லிஃப்டுக்கு அடியில் ஒருவராவது குனிந்து பார்க்கவேண்டாமா? எங்கள் வீட்டில் சாவி தொலைந்தால்கூட கட்டிலுக்கு அடியில் பார்ப்போம்!

இருந்தாலும் அந்த லிஃப்ட் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.