லிங்கனில் ஒரு கிறுக்குப் போர்வை

நெப்ராஸ்காவில் மக்காச்சோளக் கொல்லையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒமாஹாவிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே கார் ஓட்டினார் என் கணவர். ஒரு மணி நேரத்தில் லிங்கன் நகரம். அங்குள்ள சர்வதேச குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை) அருங்காட்சியகம், 1997-இல் ஒரு தம்பதி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த சுமார் 950 போர்வைகளில் தொடங்கியது.

உள்ளே மங்கலான விளக்கு. வெளிச்சம் துணிக்கு ஆகாது. கண் பழகியதும் எதிரே ஒரு கிரேஸி குயில்ட், அதாவது கிறுக்குப் போர்வை. கோணல்மாணலாகப் பட்டு, வெல்வெட், ரிப்பன். ஒரு துண்டைப்போல் மறு துண்டு இல்லை. ஓரங்களில் எல்லாம் மீன்முள் தையல், இறகுத் தையல். பள்ளியில் என் மீன்முள்ளைத் தையல் டீச்சர் எத்தனை முறை பிரிக்க வைத்தார்! மூலையில் ஒரு சிலந்தி வலை, நடுவில் ஆந்தை, அங்கங்கே விசிறி.

விசிறி ஜப்பான் வரவு. 1876-இல் பிலடெல்ஃபியா கண்காட்சியில் ஜப்பானியப் பொருட்களைக் கண்ட அமெரிக்கப் பெண்களுக்குச் சமச்சீர் அலுத்துப்போனது. லண்டன் ராயல் தையற்கலைப் பள்ளியின் பூவேலையும் அங்கேயே இருந்தது. 1880-களில் கிறுக்குப் போர்வை தைப்பது பித்தாகவே பரவியது. ஆலைகள் பட்டுத் துண்டுகளைப் பொட்டலமாகத் தபாலில் விற்றன. சுருட்டுக் கட்டின் மஞ்சள் ரிப்பனைக்கூட விடவில்லை. "வீட்டுக்காரர் புகைத்த கணக்கெல்லாம் இதில் இருக்கிறதே" என்றார் கணவர்.

இத்தனைக்கும் குளிருக்கு உதவாத போர்வை. உள்ளே பஞ்சு கிடையாது. வரவேற்பறை சோபாவில் விரித்து, வந்தவர்கள் வியக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னை நிறுத்தியது வேறொன்று. கறுப்பு, பழுப்புப் பட்டெல்லாம் நார் நாராகக் கிழிந்திருந்தது. பூச்சி அரித்ததல்ல. இழையின் இயற்கைப் பசையை நீக்கும்போது பட்டு ஏறக்குறைய கால் பங்கு எடை இழக்கும், விற்பனையோ எடைக்கணக்கில். இழந்ததை ஈடுகட்ட வெள்ளீய, இரும்பு உப்புகளில் முக்கியெடுத்தார்கள். அந்த உப்பு உள்ளிருந்தே இழையைத் தின்றது. பெட்டியில் பூட்டிவைத்தாலும் தப்பாது. துண்டுகளைத் தாங்கிய மலிவான பருத்தி அடித்துணிக்கு ஒரு குறையும் இல்லை!

ஓரிடத்தில் பட்டு முழுவதும் உதிர்ந்துவிட்டது. அதன்மேல் போட்டிருந்த பூ மட்டும், அடித்துணியில் குத்திய நூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. ஐந்து இதழ், நடுவே முடிச்சுத் தையல். முடிச்சுகளை எண்ணலாமென்று குனிந்தேன். பின்னால் காவலர் தொண்டையைச் செருமினார்.