அப்பத்தாவின் மெட்டு

நான் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த அப்பத்தா வந்தார். பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, வலது கை விழுந்து, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். பதில்தான் வாய்க்கு வராது. புரோக்கா அஃபேசியா என்போம். எதைக் கேட்டாலும் "அது... அது..." என்பார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுவார்.

பேச முடியாதவர்களில் சிலர் பாடுவார்கள். 1745லேயே ஸ்வீடனில், "ஆமாம்" தவிர வேறு சொல் வராத ஒருவர் தேவாலயப் பாட்டுகளைப் பாடியதை எழுதி வைத்திருக்கிறார்கள். 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதை ஒரு பயிற்சியாகவே வெளியிட்டார்கள். 'தண்ணி வேணும்' போன்ற சின்னத் தொடரை ராகமாக இழுத்துச் சொல்லி, அசைக்கு ஒரு தடவை நோயாளியின் இடது கையைத் தட்ட வேண்டும்.

நானும் செய்தேன், எனக்குப் பிடித்த சினிமா மெட்டில். இரண்டு வாரம் அப்பத்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேத்திதான் சொன்னாள்: "அப்பத்தா சினிமாவே பாக்காதுக்கா. எங்களத் தூளியில போட்டுப் பாடும், அவ்வளவுதான்."

அன்று பயிற்சியை விட்டுவிட்டுக் கதை கேட்டேன். களத்துமேட்டு வேப்பமரம், அதில் கட்டிய பழைய சேலைத் தூளி, வேலைக்கு நடுவே ஓடிவந்து ஆட்டியது எல்லாவற்றையும் பேத்தி சொல்லச் சொல்ல, அப்பத்தா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் அவர் இடது கையைப் பிடித்து மெதுவாகத் தட்டி, "ஆராரோ" என்று முனகினேன். "ஆரிரரோ" என்று அவர் முடித்தார். பிசிறில்லாமல். அடுத்து பேத்தியின் பெயர் வந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தாலாட்டு வந்துவிட்டால் பேச்சு வந்துவிட்டதாக ஆகாது. மனப்பாடமான பாட்டு வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு. அதே மெட்டில் 'தண்ணி வேணும்' ஏற மூன்று வாரம் ஆனது. பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். முழுப் பேச்சு திரும்பவில்லை. மூன்று நான்கு சொல் சேர்த்துச் சொல்வார். இப்போதெல்லாம் முதல் நாளே, "வீட்டில் என்ன பாடுவாங்க, என்ன கதை சொல்லுவாங்க?" என்று கேட்டு ஃபைலில் எழுதிவிடுகிறேன்.

கடைசியாக வந்த அன்று, "சாப்பிட்டீங்களாம்மா?" என்றேன். இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"நீ... சாப்... ட்டியா... கண்ணு?"