மாஸ்கோ 1980: அந்தப் பத்து வினாடி

1980 மாஸ்கோ ஒலிம்பிக், மகளிர் நீச்சலில் 400 மீட்டர் தனிநபர் மெட்லி, அதாவது நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் போட்டி. கிழக்கு ஜெர்மனியின் பெட்ரா ஷ்னைடர் 4:36.29 நிமிடத்தில் உலக சாதனையோடு தங்கம். வெள்ளி வாங்கிய பிரிட்டனின் ஷாரன் டேவிஸ் பத்து வினாடிக்கும் மேல் பின்னால். இருவருக்கும் வயது 17.

காரணம், 1974இல் வந்த அரசுத் திட்டம் 14.25: கிழக்கு ஜெர்மனி அரசே ரகசியமாக நடத்திய ஊக்கமருந்துத் திட்டம். யேனாஃபார்ம் என்ற அந்நாட்டு மருந்து நிறுவனம் தயாரித்த ஓரல் டூரினாபோல் என்ற ஸ்டீராய்டு, 5 மில்லிகிராம் நீல மாத்திரை. சிறுமிகளிடம் வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். போட்டி நெருங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. உடலே சுரக்கும் ஹார்மோன் என்பதால் அன்றைய சோதனையில் அது சிக்காது. வெளிநாடு கிளம்பும் முன், கிழக்கு ஜெர்மனியின் சொந்த ஊக்கமருந்து ஆய்வகமான கிரைஷாவில் சிறுநீர்ச் சோதனை. தடயம் மிச்சமிருந்தால் 'காயம்' என்று சொல்லி ஊரிலேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு டெஸ்டோஸ்டிரோனுக்கும், உடலே சுரக்கும் இன்னொரு பொருளான எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் 6:1ஐத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது; வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் இந்த விகிதம் எகிறும். உடனே எபிடெஸ்டோஸ்டிரோனையும் ஊசியில் ஏற்றிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். எவ்வளவு கொடூரமான திறமை!

ஷ்னைடர் பின்னாளில் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு, தன் சாதனையை நீக்கச் சொல்லிக் கேட்டார். என் பார்வையில் அவரும் பாதிக்கப்பட்டவர்தான். திட்டத்தை நடத்திய மன்ஃபிரெட் எவால்டும் மருத்துவர் மன்ஃபிரெட் ஹெப்னரும் 2000இல் பெர்லினில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதால் சிறை இல்லை. டேவிஸுக்கு அந்தத் தங்கத்தை ஒலிம்பிக் கமிட்டி இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தே ஆக வேண்டும்.