விசையை அழுத்தியவர்

சமூக உளவியல் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனையைப் பல ஆண்டுகளாக நான் ஒரு கணக்காகவே நினைவில் வைத்திருந்தேன்: 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை போனார்கள். அச்சோதனையை அவரே படம்பிடித்து 1965-இல் வெளியிட்ட கருப்பு வெள்ளை ஆவணப்படத்தை அண்மையில் பார்த்த பிறகு, அந்தக் கணக்கை முன்போல் எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சோதனைகள் 1961-62இல், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தன. நினைவாற்றல் ஆய்வு என்று நம்பி, நாலரை டாலருக்காக வந்தவர்களிடம், அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் 15 வோல்ட் கூட்டி மின்னதிர்ச்சி தரச் சொன்னார்கள். அந்த அறைக்கு மின்சாரம் போகவில்லை, அலறலும் ஒலிப்பதிவுதான். ஆனால் தொடங்குமுன் 45 வோல்ட் அதிர்ச்சியைத் தம் உடலிலேயே உணர்ந்திருந்தவர்களுக்கு அதைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு.

படத்தில் ஒருவர் வருகிறார். 180 வோல்ட்டில், உள்ளே இருப்பவரைக் கொல்லத் தம்மால் முடியாது என்கிறார். நாற்காலியில் திரும்பித் திரும்பி ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கிறார். உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்கிறார். பொறுப்பு தம்முடையது என்று ஆய்வாளர் குரலை உயர்த்தாமல் சொன்னதும், மறுபடி இயந்திரத்தின் பக்கம் திரும்பி அடுத்த சொல்லை வாசிக்கிறார். பிறகு உள்ளிருந்து குரலே வராமல் போகிறது. அவர் இறந்திருந்தால் என்ன செய்வது என்று பதறியபடியே 450 வரை போகிறார். கொடூரம் என்று சொல்லத்தக்க எதையும் அந்த முகத்தில் நான் காணவில்லை. வாய் மறுத்துக்கொண்டே இருக்க, கை மட்டும் வேலையைத் தொடர்ந்ததைப் பார்ப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது.

மில்கிராம் சூழலை மாற்றி மாற்றிச் செய்த மற்றச் சுற்றுகளையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இறுதிவரை சென்றார். சிலர் கூட்டுவதாகச் சொல்லிவிட்டுக் குறைந்த வோல்ட்டையே கொடுத்தனர். உடன் அமர்ந்த இருவர் கண்ணெதிரே மறுத்து எழுந்துவிட்டபோதோ, 40 பேரில் நால்வர் மட்டுமே கடைசிவரை தொடர்ந்தனர். பாடநூல்கள் அந்த 26 பேரின் 65 விழுக்காட்டை மட்டும் உரக்கச் சொல்லி இந்த நால்வரை அடிக்குறிப்பாக்கிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. பங்கேற்றவர்களில் பலருக்கு, அதிர்ச்சி பொய்யானது என்ற உண்மை மாதக்கணக்கில் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதையும் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

சோதனை முடிந்தபின் அம்மனிதரிடம், விசையை அழுத்தியது யார் என்று கேட்கிறார்கள். தாம்தான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆய்வாளர்தானே விடாமல் வற்புறுத்தினார் என்கிறார்.